லட்ச ரூபாய்ப் பங்கும் நானூறு ரூபாய்ப் பங்கும்

பங்கு மார்க்கெட் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் வீடுகளில் இரு வகை முகங்களைக் காணலாம். "அது சூதாட்டம், அந்தப் பேச்சே நம் வீட்டில் வேண்டாம்" என்று சுளிக்கும் முகம் ஒன்று. பெரும்பாலும் அது தாத்தாவுடையது. கைப்பேசித் திரையில் சிவப்பும் பச்சையுமாக ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே காபியை ஆறவிடும் முகம் மற்றொன்று. அது அண்ணனுடையதாகவோ சித்தப்பாவுடையதாகவோ இருக்கும். அண்மைக் காலத்தில் அம்மாவுடையதாகவும் இருக்கக் காண்கிறோம். மேல்நிலை வகுப்பில் வணிகவியல் பயிலும் நாங்கள், இவ்விரு முகங்களுக்கும் நடுவே நின்றுகொண்டு, ஒரு சிறு கணக்கை மட்டும் இங்கே விளக்க முற்படுகிறோம். ஆறாம் வகுப்புத் தங்கையும் போட்டுவிடக்கூடிய வகுத்தல் கணக்கு அது.

தாத்தாக்களின் அச்சத்தை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. 1906ஆம் ஆண்டு சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அதோடு போயிற்று. மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் முன்நின்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கியதற்கு அந்த முறிவே தூண்டுதல். அதற்கும் முன்னதாக 1872இலேயே மயிலாப்பூரில் ஹிந்து பெர்மனென்ட் ஃபண்ட் தோன்றிவிட்டது. ஆகவே, "போட்ட பணம் பத்திரமாக இருக்கட்டும், வட்டி குறைந்தாலும் பரவாயில்லை" என்பது நம் வட்டாரத்துக்கு நெடுநாளைய புத்தி. ஆனால் காலம் மாறிவிட்டது. செகண்ட் லைன் பீச்சில் இயங்கி வந்த சென்னைப் பங்குச் சந்தை 2015இல் விடைபெற்றது. இன்று பங்கு வாங்கத் தரகர் அலுவலகத்தின் படியேற வேண்டியதில்லை. தியாகராய நகர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டே வாங்கலாம். பங்குகளை வைத்திருப்பதற்கான டீமேட் கணக்குகள் நாட்டில் 2020 மார்ச்சில் ஏறத்தாழ 4 கோடி. 2024 மார்ச்சில் 15 கோடிக்கு மேல். புதிதாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்த்த பின் பணம் செலுத்தினார்கள் என்று நினைத்தால் எங்களுக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது. தங்கையின் படிப்புக்கென்றும், அக்காளின் திருமணத்துக்கென்றும், அப்பா ஓய்வு பெறும்போது கைக்கு வந்ததென்றும் பெயர் சொல்லி வைத்த பணமல்லவா அது?

முதலில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அடையாற்றில் ஓர் அடுக்குமாடி வீடு 1 கோடியே 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கு விட்டால் மாதம் 25,000 ரூபாய் வரும். ஆண்டுக்கு 3 லட்சம். அப்படியானால் வீட்டின் விலை 40 ஆண்டு வாடகைக்குச் சமம். தாம்பரத்தில் மற்றொரு வீடு 45 லட்சம். வாடகை மாதம் 15,000, ஆண்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். இதன் விலை 25 ஆண்டு வாடகை. எந்த வீடு விலை கூடியது? தொகையைப் பார்த்தால் அடையாறு. வாடகையை வைத்துப் பார்த்தாலும் அடையாறுதான், ஆனால் இம்முறை காரணத்தோடு சொல்கிறோம்: அங்கே ஒரு ரூபாய் வாடகைக்கு 40 ரூபாய் கொடுக்கிறோம், இங்கே 25 ரூபாய். பங்கின் கணக்கும் இதுவே. பங்கின் விலையை, அந்தப் பங்குக்கு உரிய ஓராண்டு லாபத்தால் வகுக்க வேண்டும். வருகிற எண்ணுக்கு விலை-ஈட்ட விகிதம் என்று பெயர். மார்க்கெட்டில் பழகியவர்கள் பி.இ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 'பி' என்பது விலை; 'இ' என்பது ஈட்டம். ஒரு ரூபாய் லாபத்துக்கு நாம் எத்தனை ரூபாய் கொடுக்கிறோம் என்பதே அதன் பொருள்.

பங்குக்கு உரிய லாபம் என்றால் என்ன? கம்பெனி வரி கட்டியது போக அவ்வாண்டு நிகரமாக ஈட்டிய லாபத்தை, மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. அதைக் கம்பெனியே கணக்கிட்டு, லாப நட்டக் கணக்கின் அடியில் அச்சிட்டுத் தருகிறது. ஆக நாம் போட வேண்டியது ஒரே ஒரு வகுத்தல்தான்.

இனி உண்மைக் கம்பெனிக்கு வருவோம். நம் ஊர்க் கம்பெனியாகவே இருக்கட்டும் என்று எண்ணி எம்.ஆர்.எஃப். நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம். கிரிக்கெட் மட்டையில் அப்பெயரைப் பார்த்திராத தோழியர் யாரும் இருக்க மாட்டார்கள். அதன் தலைமையகம் கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது. கே. எம். மாமன் மாப்பிள்ளை என்பவர் 1946ஆம் ஆண்டு திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கினார். பின்னர் பழைய டயர்களுக்கு மேல்பட்டை போடும் ரப்பருக்கு மாறினார். 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டயர் தயாரிப்பில் இறங்கினார். அவ்வாண்டே அது பொது நிறுவனமாகிப் பொதுமக்களுக்கும் பங்கு வழங்கியது. பலூன் கொட்டகை இத்தனை பெரிய ஆலைகளாக வளர்ந்த கதை தனியே ஒரு கட்டுரைக்கு உரியது. இங்கே அதன் பங்கு மட்டும்.

2023 ஜூன் 13ஆம் நாள் எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்றின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தியப் பங்குச் சந்தையில் அந்த உயரத்தை எட்டிய முதல் பங்கு அதுதான். செய்தித்தாள்கள் அதைச் செய்தியாகக் கொண்டுவந்தன. "நாட்டிலேயே விலை உயர்ந்த பங்கு" என்று எழுதின. அது தவறல்ல. ஆனால் அதைப் படித்தவர்களில் பலர், "அப்படியானால் அதுதான் நாட்டிலேயே பெரிய கம்பெனி" என்றும், வேறு சிலர், "அது நமக்கு எட்டாத விலை, மலிவான பங்காகப் பார்ப்போம்" என்றும் எண்ணிக்கொண்டார்கள். இரண்டும் சரியல்ல.

எம்.ஆர்.எஃப். கம்பெனியின் மொத்தப் பங்குகள் 42,41,143 மட்டுமே. 42 லட்சம்! பெரிய கம்பெனிகளுக்குக் கோடிக்கணக்கில் பங்குகள் இருக்கும். பங்கு விலை ஏற ஏற, ஒரு பங்கை ஐந்தாகவும் பத்தாகவும் பிரித்துச் சிறு முதலீட்டாளருக்கு எட்டும்படி செய்வது பல கம்பெனிகளின் வழக்கம். எம்.ஆர்.எஃப். அப்படிப் பிரிக்கவில்லை. ஒரே கேக்கை எட்டுத் துண்டாக வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகத்தானே இருக்கும்? எண்பது துண்டாக வெட்டினால் சிறிதாக இருக்கும். துண்டின் அளவைப் பார்த்துக் கேக்கின் அளவைச் சொல்ல முடியுமா?

இப்போது அதே டயர்த் தொழிலில் உள்ள அப்போலோ டயர்ஸ் கம்பெனியைப் பக்கத்தில் வைப்போம். கேரளத்தில் தோன்றிய கம்பெனி. நம் ஊருக்கு அருகே ஒரகடத்திலும் அதற்குப் பெரிய ஆலை உண்டு. அதன் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 63 கோடியே 50 லட்சம். எம்.ஆர்.எஃப். லட்சத்தைத் தொட்ட அந்த ஜூன் மாதத்தில் இதன் பங்கு விலை ஏறக்குறைய 400 ரூபாய். ஒன்று லட்சம், மற்றொன்று நானூறு. 250 மடங்கு வித்தியாசம். ஆனால் விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். எம்.ஆர்.எஃப். முழுக் கம்பெனிக்கும் சந்தை போட்ட மதிப்பு சுமார் 42,400 கோடி ரூபாய். அப்போலோவுக்குச் சுமார் 25,400 கோடி. இரண்டு மடங்குகூட இல்லை.

லாபம் எவ்வளவு? 2022-23ஆம் ஆண்டில் எம்.ஆர்.எஃப். நிகர லாபம் துணை நிறுவனங்களையும் சேர்த்து 769 கோடி ரூபாய். பங்கு ஒன்றுக்கு 1,813 ரூபாய். அப்போலோவின் நிகர லாபம் சுமார் 1,105 கோடி. பங்கு ஒன்றுக்கு 17 ரூபாய் 40 காசு. இதை முதலில் பார்த்தபோது எங்கள் வகுப்பில் பலரால் நம்ப முடியவில்லை. அவ்வாண்டு நானூறு ரூபாய்ப் பங்கின் கம்பெனிதான் கூடுதலாக லாபம் ஈட்டியிருக்கிறது! வகுத்துப் பார்த்தால், லட்சத்தை 1,813ஆல் வகுக்க 55 வருகிறது. நானூற்றை 17.40ஆல் வகுக்க 23 வருகிறது. எம்.ஆர்.எஃப். பங்கை அன்று வாங்கியவர் ஒரு ரூபாய் லாபத்துக்கு 55 ரூபாய் கொடுத்தார். அப்போலோ பங்கை வாங்கியவர் 23 ரூபாய் கொடுத்தார்.

இப்படியும் பார்க்கலாம். லட்ச ரூபாயை எடுத்துக்கொண்டு போனால் எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்று கிடைக்கும். அதற்குரிய லாபம் 1,813 ரூபாய். அதே லட்ச ரூபாய்க்கு அப்போலோ பங்கு 250 கிடைக்கும். அவற்றுக்குரிய லாபம் 4,350 ரூபாய். அதே லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்கு வைப்பு வைத்தால் ஆண்டுக்கு 7,000 ரூபாய். வங்கி வைப்பையும் ஒரு பங்காகப் பாவித்தால் அதன் பி.இ. 14தான். பின் ஏன் 55 கொடுத்து வாங்குகிறார்கள்? வைப்பின் வட்டி வளராது, கம்பெனியின் லாபம் வளரும் என்ற நம்பிக்கைக்காகத்தான். கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வருங்காலத்தை நம்பிக் கொடுப்பது. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டா என்று பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1,813 ரூபாய் லாபம் என்றால் அது முழுவதும் பங்குதாரரின் கைக்கு வந்துவிடாது. கம்பெனி பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஆலைகளில் போடும். மீதியைத்தான் ஈவுத்தொகையாகப் பிரித்துத் தரும். எம்.ஆர்.எஃப். 2022-23க்கு ஒரு பங்குக்குக் கொடுத்த மொத்த ஈவுத்தொகை 175 ரூபாய். லட்ச ரூபாய்க்கு 175 ரூபாய்! அதிலும் இரண்டு தவணை தலா 3 ரூபாய். கடைசித் தவணைதான் 169. ஓய்வூதியம் போல மாதாமாதம் கைச்செலவுக்கு எதிர்பார்த்து இத்தகைய பங்கை வாங்கும் பாட்டிக்கு இது ஒத்து வராது என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் 23 மடங்குள்ள அப்போலோவே நல்ல பங்கு, 55 மடங்குள்ள எம்.ஆர்.எஃப். வேண்டாத பங்கு என்று முடிவு கட்டலாமா? கூடாது. கடன் யாருக்கு அதிகம், வெளிநாட்டுத் தொழில் எப்படி நடக்கிறது, எந்த டயருக்குச் சந்தையில் நல்ல பெயர் என்பவை எல்லாம் அந்த 23க்குள்ளும் 55க்குள்ளும் அடங்கியிருக்கின்றன. ஆனாலும் "நானூறு ரூபாய்தானே" என்று வாங்குவதற்கும், "டயர்க் கம்பெனிகளில் இதற்கு ஏன் குறைந்த மடங்கு கொடுக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு வாங்குவதற்கும் உள்ள தூரம் பெரிது.

"தானே" என்ற இந்தச் சொல்லால் நம் ஊரில் கரைந்த பணம் கொஞ்சநஞ்சமல்ல. 1999, 2000ஆம் ஆண்டுகளில் கணினிக் கம்பெனிப் பங்குகள் நாடெங்கும் வானத்தில் பறந்தன. பம்பாய்த் தரகர் கேத்தன் பாரேக் விரும்பி வாங்கிய பங்குகளுக்குக் 'கே-10' என்று செல்லப் பெயரே இருந்தது. அவற்றுள் சென்னையிலிருந்து இயங்கியவையும் உண்டு: பென்டாமீடியா கிராஃபிக்ஸ், எஸ்.எஸ்.ஐ., டி.எஸ்.க்யூ. சாஃப்ட்வேர். பென்டாமீடியா கோடம்பாக்கத்தில் இருந்துகொண்டு கணினியில் சித்திரப் படங்கள் தயாரித்தது. சிந்துபாத் பற்றிய அதன் படம் 2000இல் வெளிவந்தது. மெய்யாகவே புதுமையான முயற்சி அது. ஆனால் முயற்சி புதுமையானது என்பதற்கும், அதற்குக் கேட்ட விலை நியாயமானது என்பதற்கும் தொடர்பில்லை. அந்நாளில் ஈட்டத்தைப் பற்றிப் பேசுவதே பழமைவாதமாகக் கருதப்பட்டதாம். 1999 நவம்பரில் சத்யம் இன்ஃபோவே, இந்தியாவேர்ல்ட் என்ற இணையதள நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு விலை பேசியது. வாங்கப்பட்ட நிறுவனத்தின் லாபத்தோடு ஒப்பிட்டால் அது எந்த வகுத்தலுக்கும் அடங்காத தொகை. 2000இல் இறங்கத் தொடங்கிய விலைகள் 2001 மார்ச்சில் நொறுங்கின. மார்ச் மாத இறுதியில் கேத்தன் பாரேக் கைது செய்யப்பட்டார்.

இறக்கத்துக்குப் பின் நடந்ததுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்ற பங்கு நூறுக்கு வந்ததும், "நூறு ரூபாய்தானே" என்று வாங்கியவர்கள் உண்டு. அது பத்துக்குள் வந்ததும், "பத்து ரூபாய்தானே, இனி எங்கே இறங்கும்?" என்று மேலும் வாங்கியவர்கள் உண்டு. பென்டாமீடியா பங்கு ஒற்றை இலக்க ரூபாய்க்கே வந்து சேர்ந்தது. பத்து ரூபாயிலிருந்து ஒரு ரூபாய்க்கு இறங்கினாலும் நூற்றுக்குத் தொண்ணூறு நட்டம்தான். கம்பெனி நட்டத்தில் ஓடும்போது வகுப்பதற்கு ஈட்டமே இருக்காது; ஆகவே பி.இ. என்பதும் இருக்காது. செய்தித்தாளின் பட்டியலில் அவ்விடத்தில் ஒரு சிறு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடும் ஒரு செய்திதான்.

இனிச் சற்றுக் கடினமான பகுதி. பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம், ஏனெனில் பெரியவர்களும் தடுமாறும் இடம் இது.

பி.இ. குறைந்தால் மலிவு, கூடினால் விலையதிகம் என்று பொதுவாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எம்.ஆர்.எஃப். கணக்கை ஆண்டுவாரியாகப் போட்டுப் பார்த்தோம். 2020-21இல் நிகர லாபம் 1,277 கோடி. பங்குக்கு 3,011 ரூபாய். 2021 மார்ச் இறுதியில் விலை ஏறத்தாழ 82,000. மடங்கு 27. அடுத்த ஆண்டு லாபம் 669 கோடியாகச் சரிந்தது. பங்குக்கு 1,577 ரூபாய். விலையும் சரிந்து 2022 மார்ச் இறுதியில் ஏறத்தாழ 65,000 ஆயிற்று. மடங்கு? 41! விலை 17,000 ரூபாய் குறைந்திருக்கிறது, ஆனால் கணக்குப்படி பங்கு 'விலையதிகம்' ஆகிவிட்டது. 2023 ஜூனில் லட்சம், மடங்கு 55. பிறகு 2023-24இல் லாபம் 2,081 கோடியாகப் பாய்ந்தது. பங்குக்கு 4,907 ரூபாய். 2024 மே மாதம் அம்முடிவு வெளிவந்தபோது விலை ஏறத்தாழ 1,28,000. மடங்கு 26. லட்சத்தில் இருந்தபோது 55. ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டியபோது 26. விலை ஏறியிருக்கிறது, பங்கு 'மலிவு' ஆகியிருக்கிறது.

இந்த வினோதத்துக்குக் காரணம் விலையல்ல, ஈட்டம். டயருக்கு வேண்டிய இயற்கை ரப்பர் ஒருபுறம். செயற்கை ரப்பர், கரித்தூள், நைலான் இழை ஆகியவை மறுபுறம். பின்னவை பெட்ரோலியத்திலிருந்து வருபவை. 2021-22இல் இவற்றின் விலை ஏறியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபின் கச்சா எண்ணெய் இன்னும் ஏறியது. டயர் விலையை உடனே அந்த அளவுக்கு உயர்த்த முடியாது. லாபம் சுருங்கியது. 2023-24இல் மூலப்பொருள் விலை தணிந்தது, லாபம் விரிந்தது. கம்பெனி அதேதான், ஆலைகளும் அவையேதான்.

மந்தைவெளியில் பழைய வீட்டுக் கொல்லையில் நிற்கும் தென்னையை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்த ஆண்டில் நாற்பது காய், நல்ல ஆண்டில் நூற்றிருபது காய். காய்ப்புக் குறைந்த ஆண்டின் கணக்கை வைத்து "இந்த மரத்துக்கு இவ்வளவு விலையா?" என்பவரும், நிறையக் காய்த்த ஆண்டின் கணக்கைக் காட்டி "இவ்வளவு மலிவா!" என்று விற்க வருபவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். முதலாமவர் அறியாமல் செய்கிறார். இரண்டாமவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பி.இ. மிகக் குறைவாக இருக்கிறது என்று யாரேனும் ஆசை காட்டினால், அது நிறையக் காய்த்த ஆண்டா என்று கேட்பது நல்லது.

இதற்குப் பரிகாரமும் உண்டு. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த பெஞ்சமின் கிரஹாம் என்ற அறிஞர், ஓராண்டு லாபத்தை நம்பாதீர்கள், பல ஆண்டுகளின் சராசரியை எடுங்கள் என்று 1930களிலேயே எழுதினார். சாதாரணக் குடும்பத்தினருக்காக 1949இல் அவர் எழுதிய நூல் இன்றளவும் விற்பனையாகிறது. கடந்த மூன்று ஆண்டுச் சராசரி ஈட்டத்தைப் போல் 15 மடங்குக்கு மேல் விலை கொடுக்க வேண்டாம் என்பது, எச்சரிக்கையான முதலீட்டாளருக்கு அவர் வகுத்த வரம்பு.

அவர் சொன்னபடி எம்.ஆர்.எஃப். கணக்கைத் திரும்பப் போட்டோம். 2023 ஜூனில் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் ஈட்டம் 3,011, 1,577, 1,813. சராசரி 2,134. லட்சத்தை அதனால் வகுக்க 47. 2024 மே மாதத்தில் மூன்று ஆண்டு ஈட்டம் 1,577, 1,813, 4,907. சராசரி 2,766. 1,28,000ஐ அதனால் வகுக்க 46. பாருங்கள், 55இலிருந்து 26க்குக் குதித்த எண், சராசரி எடுத்தவுடன் 47, 46 என்று அடங்கிவிட்டது! சந்தை ஏறத்தாழ ஒரே அளவு நம்பிக்கையைத்தான் இரண்டு முறையும் விலையாகக் கொடுத்திருக்கிறது. கரும்பலகையில் இந்த இரண்டு எண்களும் வந்து நின்றபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கிரஹாமின் 15க்கு இது வெகு தொலைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய வரம்பு வேறு நாட்டுக்கும் வேறு காலத்துக்கும் எழுதியது என்பார்கள், இருக்கலாம். எங்கள் கருத்தில், பெண்ணின் திருமணத்துக்கென்று சேர்க்கும் பணத்துக்கு 46 மடங்கு என்பது பெரிய நம்பிக்கைதான்.

ஈட்டம் மாறுவது ஒருபுறமிருக்க, ஈட்டமே பொய்யாகவும் இருக்கலாம். ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் இதற்குச் சாட்சி. 2009 ஜனவரி தொடக்கத்தில் அதன் பங்கு விலை சுமார் 179 ரூபாய். அதற்கு முந்தைய முழு ஆண்டில் கம்பெனி காட்டியிருந்த ஈட்டம் பங்குக்கு 25 ரூபாய்க்குச் சற்று மேல். மடங்கு 7. எவ்வளவு மலிவு! ஜனவரி 7ஆம் நாள் அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகளில் பல ஆண்டுகளாக இல்லாத பணத்தைக் காட்டி வந்ததாகக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். வங்கியில் இருப்பதாகச் சொன்ன ரொக்கத்தில் மட்டும் 5,040 கோடி ரூபாய் கற்பனை. அன்று ஒரே நாளில் பங்கு 40 ரூபாய்க்கு வந்துவிட்டது. கீழே இருக்கும் எண் பொய்யானால் வகுத்தல் என்ன செய்யும்? கம்பெனி லாபம் என்று காட்டும் தொகை ரொக்கமாகவும் உள்ளே வந்திருக்கிறதா என்று ஆண்டறிக்கையின் ரொக்க ஓட்டப் பட்டியலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். சத்யத்தில் ரொக்கமே பொய்யாக இருந்தது என்பது இன்னும் பெரிய வேதனை.

பொய்யே இல்லாமலும் எண் மாறும். தேசியப் பங்குச் சந்தை, நிஃப்டி என்ற 50 கம்பெனிகளின் குறியீட்டுக்கு நாள்தோறும் பி.இ. வெளியிடுகிறது. 2021 மார்ச் 31ஆம் நாள் அது 40க்குச் சற்று மேல். மறுநாள் ஏப்ரல் 1ஆம் நாள் 33. ஏப்ரல் முட்டாள் தின வேடிக்கையல்ல, சந்தையும் விழவில்லை. அதுவரை கம்பெனிகளின் தனித்த லாபத்தை வைத்துக் கணக்கிட்டவர்கள், அன்று முதல் துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கினார்கள். ஆகவே ஓரிடத்தில் பார்த்த பி.இ.யையும் வேறிடத்தில் பார்த்த பி.இ.யையும் ஒப்பிடும் முன், இரண்டும் ஒரே வகை ஈட்டத்தால் வகுத்தவைதாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிலத்தை விற்று வந்த ஒருமுறை லாபம் கலந்திருந்தால் அதையும் கழித்துவிடுங்கள். டயர்க் கம்பெனியைச் சோப்புக் கம்பெனியோடு ஒப்பிடாதீர்கள். வங்கிகளுக்கு வேறு அளவுகோல்கள் உண்டு. அவை இங்கே வேண்டாம்.

இவ்வளவும் போட எங்களுக்குத் தேவைப்பட்டவை கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளும் பழைய விலைகளும்தான். ஆண்டறிக்கைகள் கம்பெனிகளின் இணையதளத்திலும் பங்குச் சந்தைகளின் இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. நூறு பக்கங்களுக்கு மேலிருக்கும், பயப்பட வேண்டாம். லாப நட்டக் கணக்கின் கடைசி வரிக்கு நேராகப் போனால் போதும்.

தங்கையருக்கு ஒரு பயிற்சிக் கணக்கு தந்து விடைபெறுகிறோம். 2024-25ஆம் ஆண்டில் எம்.ஆர்.எஃப். நிகர லாபம் 1,869 கோடி ரூபாயாகக் குறைந்தது; பங்குக்கு ஏறத்தாழ 4,407 ரூபாய். முந்தைய இரண்டு ஆண்டுகளின் ஈட்டம் மேலே இருக்கிறது. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுங்கள். 3,709 வர வேண்டும். இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் பங்கு என்ன விலை என்று அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டு, அதை 3,709ஆல் வகுத்துப் பாருங்கள். 46க்கு மேலா, கீழா?